ஊதாப் பூ ஏன் வெளுத்தது? ஒரே கண்டுபிடிப்புக்கு நான்கு பெயர்கள் வந்த கதை

ஆர்.என்.ஏ குறுக்கீடு என்ற விஷயத்தின் வரலாற்றை எங்கே படித்தாலும் 1998இல்தான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், ஒரு புழு, ஒரு ஊசி, எட்டே வருடத்தில் நோபல் பரிசு. கதை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாக இந்தத் துறையின் பழைய ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த சித்திரம் வேறு. 1998க்கு முன்னாலேயே இதே விஷயத்தைப் பூச்செடிக்காரர்கள் பார்த்தார்கள், பூஞ்சைக்காரர்கள் பார்த்தார்கள், புகையிலை வைரஸ்காரர்கள் பார்த்தார்கள், புழுக்காரர்களும் பார்த்தார்கள். அவரவர் அவரவருக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எல்லோரும் தடவியது ஒரே யானையை என்று தெரியப் பத்து வருடம் ஆனது. அது மருந்தாக மாற இன்னும் இருபது வருடம்.

இந்தப் பதிவு அந்த முப்பது வருடத்தைப் பற்றியது. நான் உயிரியல் படித்தவன் இல்லை, பி.இ. படித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதனால் உதாரணங்கள் கொஞ்சம் எங்க ஊர்ப் பக்கமாகத்தான் வரும்.

முதலில் அடிப்படை

பள்ளியில் படித்ததை ஒரு நிமிடம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். டி.என்.ஏ என்பது பெட்டகத்தில் பூட்டி வைத்த மூலப்பத்திரம். அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. ஒரு புரதம் தேவைப்பட்டால் அதற்குரிய பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுப்பார்கள். அந்த ஜெராக்ஸ்தான் தூது ஆர்.என்.ஏ. அது உட்கருவிலிருந்து வெளியே வரும், ரைபோசோம் என்ற பட்டறை அதைப் படித்துப் புரதத்தைச் செய்யும்.

டி.என்.ஏ இரட்டை இழை. தூது ஆர்.என்.ஏ ஒற்றை இழை. சாதாரணமாக ஒரு செல்லுக்குள் நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ இருக்காது. இருந்தால் பெரும்பாலும் அது ஏதோ ஒரு வைரஸின் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மரபணு மௌனமாவது என்றால் மூலப்பத்திரம் அழிவது இல்லை. ஜெராக்ஸ் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே கிழிக்கப்படுகிறது, அவ்வளவுதான். எங்கள் மொழியில் சொன்னால், சோர்ஸ் கோடைத் தொடவே இல்லை, ஓடுகிற ப்ராசஸை மட்டும் நிறுத்துகிறோம்.

பூ: 1990

அமெரிக்காவின் ஓக்லாந்தில் ஒரு தாவர உயிர்தொழில்நுட்ப நிறுவனம். அங்கே கரோலின் நாப்போலி, ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழுவினர் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் ஆழமாக்க முடியுமா என்று பார்த்தார்கள். நிறமி தயாரிக்கத் தேவையான ஒரு நொதி கால்கோன் சிந்தேஸ். அதன் மரபணுவில் கூடுதலாக ஒரு பிரதியைச் செடிக்குள் நுழைத்தார்கள். கணக்கு எளிது: மரபணு கூடினால் நொதி கூடும், நொதி கூடினால் ஊதா கூடும்.

நடந்தது தலைகீழ். புது மரபணு ஏற்றிய செடிகளில் 42 சதவீதம் முழு வெள்ளையாகவோ, ஊதாவில் வெள்ளைத் திட்டுகளோடோ பூத்தன. அளந்து பார்த்தால், செடியின் சொந்த மரபணுவின் தூது ஆர்.என்.ஏ ஐம்பது மடங்கு குறைந்திருந்தது. புதிதாக வந்தவன் வேலை செய்யாதது மட்டுமில்லை, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவனையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் கோ-சப்ரஷன், அதாவது கூட்டு ஒடுக்கம். அதே 1990இல், அதே இதழில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து இன்னொரு குழுவும் பெட்டூனியாவில் இதே போன்ற முடிவை வெளியிட்டது.

அந்தக் கட்டுரை 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் எதிர்பார்த்தது வரவில்லை என்று செடிகளைக் குப்பையில் போடாமல், எண்ணி, அளந்து, ஒப்பீட்டுச் செடிகளோடு சேர்த்துப் பிரசுரித்தார்கள். அதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

பூஞ்சையும் புகையிலையும்: 1992, 1993

இரண்டு வருடம் கழித்து ரோம் நகரில் நிக்கோலெட்டா ரொமானோ, ஜுசெப்பே மச்சீனோ இருவரும் நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சையில் ஆரஞ்சு நிறமிக்கான மரபணுவைக் கூடுதலாக ஏற்றினார்கள். பூஞ்சை வெளுத்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் க்வெல்லிங், அடக்குதல்.

1993இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வில்லியம் டொஹர்ட்டியின் குழு புகையிலைச் செடியில் ஒரு வைரஸின் உறைப் புரத மரபணுவை ஏற்றியது. அந்தச் செடிகளுக்கு வைரஸ் தொற்றியது, ஆனால் பிறகு துளிர்த்த இலைகள் தானாகவே தேறிவிட்டன. மறுபடி அதே வைரஸைத் தடவினால் ஒட்டவில்லை. பார்த்தால், மரபணுவிலிருந்து ஜெராக்ஸ் எடுப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் எடுத்த ஜெராக்ஸ் நிற்பதில்லை, அழிந்துபோகிறது. செல்லுக்குள் யாரோ உட்கார்ந்து, குறிப்பிட்ட எழுத்து வரிசை உள்ள ஆர்.என்.ஏவை மட்டும் தேடித்தேடிக் கிழிக்கிறார்கள். அந்த 'யாரோ' வைரஸையும் விடுவதில்லை. தாவரக்காரர்கள் இதை ஜீன் சைலன்சிங் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

என் பார்வையில் இந்த 1993 கட்டுரைதான் விடைக்கு மிக அருகில் வந்தது. இது வைரஸுக்கு எதிரான ஒரு பாதுகாப்பு அமைப்பு என்ற பெரிய துப்பு அதில் இருக்கிறது. ஆனால் புழு ஆராய்ச்சியாளர்கள் புகையிலை பற்றிய கட்டுரையைப் படிப்பார்களா என்ன?

ஃபெயில் ஆக வேண்டிய டெஸ்ட் பாஸ் ஆனது: 1995

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மண் புழு. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூ குவோ, கென்னத் கெம்ப்யூஸ் இருவரும் இதில் ஒரு மரபணுவை அடக்க முயன்றார்கள். அன்றைக்கு வழக்கமான உத்தி எதிரிழை ஆர்.என்.ஏ. தூது ஆர்.என்.ஏவுக்குக் கண்ணாடிப் பிம்பம் போன்ற ஒரு இழையைச் செய்து ஊசியில் ஏற்றினால், அது போய் ஒட்டிக்கொண்டு தூதுவை முடக்கும் என்பது கணக்கு.

முடக்கியது. ஆனால் ஒப்பீட்டுக்காக நேரிழையையும் தனியாக ஏற்றிப் பார்த்தார்கள். நேரிழை என்பது தூதுவின் அச்சு அசல் நகல். அது எதன் மீதும் ஒட்டாது, ஒன்றும் செய்யக்கூடாது. அதுவும் அதே அளவுக்கு முடக்கியது!

மென்பொருள் சோதனை செய்கிறவர்களுக்கு இதன் அதிர்ச்சி உடனே புரியும். ஃபெயில் ஆக வேண்டிய டெஸ்ட் பாஸ் ஆனால் நிம்மதி வராது, பயம்தான் வரும். நாம் நினைத்த காரணத்தால் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம். குவோவும் கெம்ப்யூஸும் அதை மறைக்காமல் கட்டுரையில் எழுதி வைத்தார்கள்.

ஊசிக்குள் இருந்த அழுக்கு: 1998

இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டவர்கள் பால்டிமோரில் இருந்த ஆண்ட்ரூ ஃபயரும், மாசசூசெட்ஸில் இருந்த கிரெய்க் மெல்லோவும். ஃபயர் யோசித்தது ஒரு நல்ல பிளம்பர் யோசிக்கிற மாதிரி: குழாயில் வருவது தண்ணீர் மட்டும்தானா? ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ தயாரிக்கும்போது எதிர்த்திசை இழையும் துளியளவு உருவாகும். இரண்டும் சேர்ந்து கொஞ்சம் இரட்டை இழை உண்டாகும். நேரிழைக் குப்பியிலும் எதிரிழைக் குப்பியிலும் பொதுவாக இருக்கிற ஒரே விஷயம் அந்த அழுக்குதான்.

ஒற்றை இழைகளை நன்றாகச் சுத்தம் செய்தார்கள். இரட்டை இழையை வேண்டுமென்றே தனியாகத் தயாரித்தார்கள். தேர்ந்தெடுத்தது தசைக்குத் தேவையான ஒரு மரபணு. அது அடங்கினால் புழு துடிக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். சுத்தம் செய்த ஒற்றை இழைகள் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. இரட்டை இழை ஏற்றிய புழுக்களும் அவற்றின் குட்டிகளும் துடித்தன. அதுவும் ஒரு செல்லுக்குச் சில மூலக்கூறுகள் போதுமாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று போய் ஒட்டிக்கொள்கிற விஷயமாக இருந்தால் இவ்வளவு குறைந்த அளவு எப்படிப் போதும்? ஆக, உள்ளே ஒரு இயந்திரம் இருக்கிறது. இரட்டை இழை அதற்குக் கொடுக்கப்படும் தேடுதல் உத்தரவு மட்டுமே.

1998 பிப்ரவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. 2006இல் நோபல். அதே 1998இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் வாட்டர்ஹவுஸ் குழு செடிகளிலும் இரட்டை இழைதான் தூண்டுதல் என்று காட்டியது. பூவும் பூஞ்சையும் புகையிலையும் புழுவும் ஒரே கூரைக்குக் கீழே வந்தது அப்போதுதான். பரிசு புழுவுக்கு மட்டும் போனதில் தாவரக்காரர்களுக்கு இருந்த வருத்தம் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். ஃபயரும் மெல்லோவும் தகுதியில்லாதவர்கள் என்பதல்ல என் வாதம். தூண்டுதல் எது என்று சுத்தமாகப் பிரித்துக் காட்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் கேள்வியை எட்டு வருடம் உயிரோடு வைத்திருந்தது செடிகள்.

கத்தரி, வழிகாட்டி, வெட்டுபவன்

இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலை மளமளவென்று நடந்தது. முதல் துப்பு மறுபடியும் செடியிலிருந்துதான். 1999இல் இங்கிலாந்தின் நாரிச்சில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும், மரபணு மௌனமான செடிகளில் மட்டும் ஏறத்தாழ 25 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏக்கள் இருப்பதைக் கண்டார்கள்.

அதன் பிறகு கிடைத்த சித்திரம் இது. நீளமான இரட்டை இழையை டைசர் என்ற நொதி 21 முதல் 23 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. ஒரு துண்டின் இரண்டு இழைகளில் ஒன்றை ஆர்கோனாட் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது, மற்றதை எறிந்துவிடுகிறது. பிடித்த இழை வழிகாட்டி. அதற்குப் பொருந்துகிற வரிசை எந்தத் தூது ஆர்.என்.ஏவில் இருந்தாலும் ஆர்கோனாட் அதை வெட்டும். வெட்டிவிட்டு அடுத்ததைத் தேடிப் போகும். ஒரே வழிகாட்டி, பல வெட்டுகள். யூனிக்ஸ் தெரிந்தவர்கள் இதை, முடிவில்லாமல் ஓடுகிற ஒரு கிரெப் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் இன்னொரு பக்கக் கதையும் வந்து சேர்ந்தது. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவரும் இதே புழுவில் லின்-4, லின்-14 என்ற இரண்டு மரபணுக்களைத் துரத்திக்கொண்டிருந்தவர்கள். ஆம்ப்ரோஸ் ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4ஐத் தேடித்தேடிச் சுருக்கினால், கடைசியில் அதில் புரதமே இல்லை. வெறும் 22 எழுத்து ஆர்.என்.ஏ. 1992 ஜூனில் இருவரும் தங்கள் வரிசைகளைப் பரிமாறிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த 22 எழுத்து லின்-14இன் தூது ஆர்.என்.ஏவின் வால் பகுதியில் பல இடங்களில் அரைகுறையாகப் பொருந்தியது. 1993இல் இரண்டு கட்டுரைகளும் ஒன்றாக வந்தன. பெரிய சத்தம் இல்லை. ஏதோ புழுவின் விநோதம் என்று விட்டுவிட்டார்கள். ஏழு வருடம் கழித்து ரவ்குன் ஆய்வகம் லெட்-7 என்ற இரண்டாவது குட்டியைக் கண்டுபிடித்து, அது ஈயிலும் மீனிலும் மனிதனிலும் அப்படியே இருக்கிறது என்று காட்டியபோதுதான் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்றைக்கு இவற்றின் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதனில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இவற்றையும் நறுக்குவது அதே டைசர், பிடித்துக்கொள்வது அதே ஆர்கோனாட் குடும்பம். ஆம்ப்ரோஸுக்கும் ரவ்குனுக்கும் நோபல் வந்தது 2024இல்.

மனித செல்லுக்குள் ஒரு தடை

நீளமான இரட்டை இழையை மனித செல்லுக்குள் போட்டால் ஆபத்து. முன்னால் சொன்னேன் அல்லவா, அது வைரஸின் அடையாளம். செல் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையைக் கிளப்பி எல்லாப் புரத உற்பத்தியையும் நிறுத்திவிடும். ஒரு மரபணுவை மட்டும் அடக்கப் போய்க் கடையையே மூடிய கதை.

2001 மே மாதம் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்து சைதா எல்பஷீர், தாமஸ் டுஷல் குழு வழி சொன்னது. டைசர் செய்கிற வேலையை நாமே வெளியே செய்துவிடுவோம். 21 எழுத்துத் துண்டாகவே தயாரித்து உள்ளே போட்டால் எச்சரிக்கை மணி அடிக்காது, மௌனம் மட்டும் நடக்கும். நடந்தது. அடுத்த வருடமே சயன்ஸ் இதழ் குட்டி ஆர்.என்.ஏக்களை ஆண்டின் திருப்புமுனையாக அறிவித்தது. நோயை உண்டாக்கும் எந்த மரபணுவையும் அடக்கலாம், எழுத்து வரிசை தெரிந்தால் போதும்! பணம் கொட்டியது. 2006இல் மெர்க் நிறுவனம் சிர்னா என்ற சிறு நிறுவனத்தை 110 கோடி டாலருக்கு வாங்கியது.

கூரியர் பிரச்சினை

கணினியில் மருந்தை வடிவமைப்பது ஒரு மதிய வேலை. அதை நோயாளியின் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பதுதான் பிரச்சினை. ஆஸ்பிரின் மூலக்கூறின் எடை 180. இந்த இரட்டைத் துண்டின் எடை 13,000க்கு மேல். உடம்பெல்லாம் எதிர்மின் ஏற்றம், செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாண்டாது. ரத்தத்தில் விட்டால் நொதிகள் தின்றுவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும்.

முதலில் கண்ணுக்குள் நேரடியாக ஊசி போட்டுப் பார்த்தார்கள், வயதானவர்களின் விழித்திரையில் ரத்தநாளம் பெருகும் நோய்க்கு. 2008இல் ஜெயகிருஷ்ண அம்பாட்டியின் ஆய்வகம் எலிகளில் காட்டிய முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அந்த விளைவுக்கும் மரபணு மௌனத்துக்கும் சம்பந்தமே இல்லை. எந்த எழுத்து வரிசையைப் போட்டாலும், செல்லின் வெளிப்புறத்தில் உள்ள ஒரு நோய் எதிர்ப்பு உணரியைத் தூண்டி அதே விளைவு வந்தது. மறுபடியும் ஃபெயில் ஆக வேண்டிய டெஸ்ட் பாஸ் ஆகிறது! 2009இல் ஒரு பெரிய கண் மருந்துச் சோதனை பாதியில் நின்றது. 2010இல் ரோஷ் இந்தத் துறையை விட்டே வெளியேறியது. 2014இல் மெர்க், 110 கோடிக்கு வாங்கியதை ஏறத்தாழ பதினேழரைக் கோடி டாலருக்கு அல்நைலம் நிறுவனத்திடம் தள்ளிவிட்டது.

தாக்குப்பிடித்தவர்கள் இரண்டு வழி கண்டார்கள், இரண்டும் கல்லீரலுக்குப் போகிற வழி. ஒன்று, கொழுப்புத் துளிக்குள் பொதிந்து அனுப்புவது. இரண்டாவது வழியின் முக்கிய வேதியியலாளர்களில் ஒருவர், மதுரையில் வேதியியல் படித்து அல்நைலத்தில் பணியாற்றிய முத்தையா மனோகரன். கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் ஏராளம். மருந்துத் துண்டின் முனையில் அந்தச் சர்க்கரையில் மூன்றைத் தொங்கவிட்டால் கல்லீரலே அதை வாரி இழுத்துக்கொள்ளும். கூடவே துண்டின் முதுகெலும்பில் சின்னச்சின்ன வேதி மாற்றங்கள் செய்தால் நொதிகளாலும் தின்ன முடியாது.

2018: முதல் மருந்து

வடக்கு போர்ச்சுகலின் மீனவர்களிடையே பரம்பரையாக ஒரு நோய் இருந்தது. காலில் மரத்துப்போவதில் ஆரம்பித்து, நடை, குடல், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பறிக்கும். 1952இல் கொரீனோ டி அண்ட்ராட் என்ற மருத்துவர் இதை விவரித்தார். கல்லீரல் செய்கிற டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் பிழையாக மடிந்து நரம்புகளில் படிவதுதான் காரணம். ரொம்ப காலம் இதற்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான் வழி.

பட்டிசிரான் என்ற மருந்து அந்தப் புரதத்தின் தூது ஆர்.என்.ஏவைக் கிழிக்கிறது. 225 நோயாளிகளிடம் 18 மாதம் சோதித்தார்கள். போலி மருந்து பெற்றவர்களின் நரம்புகள் தொடர்ந்து கெட்டன, மருந்து பெற்றவர்களின் சராசரி நிலை கொஞ்சம் தேறியது. 2018 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதை ஏற்றிச்சென்ற கொழுப்புத் துளித் தொழில்நுட்பத்தின் நெருங்கிய உறவினர்தான் இரண்டு வருடம் கழித்துக் கோவிட் எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிகளைச் சுமந்தது.

பிறகு சர்க்கரைக் கொக்கி மருந்துகள் வரிசையாக வந்தன. அதில் நம்மில் பலருக்குச் சம்பந்தப்பட்டது இன்க்ளிசிரான். கெட்ட கொழுப்பைக் குறைப்பது, ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டே ஊசி, கொழுப்பு ஏறத்தாழ பாதியாகிறது. தினமும் மாத்திரை போட மறக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்கில் இன்னும் சேராதவை

இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் முடித்தால் இது விளம்பரமாகிவிடும். ஒன்று, இன்றைக்கு அனுமதி பெற்ற மருந்துகள் எல்லாமே கல்லீரலைச் சுற்றித்தான். மூளைக்கும் தசைக்கும் நுரையீரலுக்கும் கூரியர் இன்னும் முயற்சியில்தான் இருக்கிறது. இரண்டு, விலை. பட்டிசிரான் வெளிவந்தபோது அதன் பட்டியல் விலை வருடத்துக்கு 4,50,000 டாலர். அன்றைய கணக்கில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். காரணமான மரபணு தெரிகிறது, அதை அடக்குகிற 21 எழுத்தும் தெரிகிறது, ஆனால் எத்தனை குடும்பங்களால் அதை வாங்க முடியும்? அரிய நோய்க்கு ஆள் குறைவு, ஆள் குறைந்தால் விலை அதிகம் என்ற நிறுவனங்களின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில், கூரியர் முறை ஒருமுறை தயாராகிவிட்டால் அடுத்த மருந்துக்கு எழுத்து வரிசையைத்தான் முக்கியமாக மாற்ற வேண்டும் என்ற உண்மையும் இருக்கிறது. அந்தச் சேமிப்பு நோயாளிக்கு வந்து சேர்கிறதா என்பதைத்தான் அடுத்த பத்து வருடத்தில் பார்க்க வேண்டும்.

மைக்ரோ ஆர்.என்.ஏவையே மருந்தாக்கும் முயற்சிகள் இந்தப் பதிவில் அடங்கவில்லை. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும் என்பதால் அது வேறு மாதிரிச் சிக்கல். அதைத் தனியாக எழுதுகிறேன்.